மூளிச் சப்பாத்து

சப்பாத்து வார் கட்டக் குனிந்தால், குனிந்ததுதான் குனிந்தோம், கீழே வேறு ஏதாவது வேலை இருந்தால் அதையும் முடித்துவிட்டு எழுந்திருக்கலாமே என்று யோசிக்கிற வயதுக்கு நாம் வந்துவிட்டோம். நீங்கள் வரவில்லை என்றால் மன்னிக்கவும், நான் வந்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பவை எல்லாம் வார் இல்லாத சப்பாத்துகள். காலை நுழைத்தால் போதும். மனைவி அவற்றைச் சோம்பேறிச் சப்பாத்து என்கிறாள். நான் அதற்கு முதிர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் மலாக்காப் பக்கம் மஸ்ஜித் தானாவில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். பெண்ணின் தம்பி, பன்னிரண்டு வயது இருக்கும், கால் கழுவிவிட முட்டி போட்டு உட்கார்ந்தான். மாப்பிள்ளை போட்டிருந்ததும் என்னுடைய ரகம்தான், வார் கிடையாது. பையன் குதிகாலைப் பிடித்து ஓர் இழுப்பு, இன்னோர் இழுப்பு. கால் கழுவி, துடைத்து, மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கைப்பேசியைப் பார்க்கப் போய்விட்டான். பக்கத்தில் இருந்தவர் சடங்கு சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டார். எனக்கோ, இதே வேலையை நான் செய்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. பந்தியில் பாயசம் வரும் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பாவுக்கு லாரிகளின் தார்ப்பாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ரப்பர் ஷீட் ஏற்றிய லாரியை மூடிக் கட்டுவார், கிழிந்த பாயைத் தைப்பார், கயிறு நுழைவதற்காக ஓரங்களில் ஓட்டை போட்டுப் பித்தளை வளையம் அடிப்பார். அவர் சட்டையில் எப்போதும் மெழுகும் பழைய மழையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் எங்காவது லாரி நனைந்து நின்றால் நான் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். டிரைவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் பள்ளி விடுமுறையில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுங்கை ஊடாங். அங்கே எண்ணெய் ஆலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். அவர் அதில் வெல்டர். எங்கள் லயத்துக் கணக்கில் அது டாக்டருக்கு அரைப்படி கீழே. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு முறுக்கைக்கூடத் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்குக் கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார். ரொம்பப் பெரிய இடம் என்று எங்கள் வீடு முடிவு செய்துவிட்டது. அம்மா அன்றிலிருந்து சீர்ச் சாமான்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். சீரில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் அந்த அம்மாளிடம் ஆயுசுக்கும் பேச்சு வாங்கப்போவது நம் பெண்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒரே மாதம் அதுதான்.

சீர் வரிசையில் மாப்பிள்ளைக்குச் சப்பாத்தும் உண்டு. பெண் வீட்டுக்காரர்கள் வாங்கித் தர வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு, தோல் சப்பாத்து மாட்டிக்கொண்டு கோயில் வாசலில் வந்து இறங்குவார்கள். உள்ளே போய்த்தான் பட்டு வேட்டி. வாசலில் பெண்ணின் தம்பி சப்பாத்து வாரை அவிழ்த்து, கழற்றி, காலைக் கழுவிவிட வேண்டும். அதற்கு மாப்பிள்ளை மச்சானுக்கு ஒரு மோதிரம் போடுவார். மச்சான் நான். மோதிரக் கனவில் மூன்று வாரம் நான் கையைக் கழுவியே சாப்பிட்டேன் என்று அம்மா ஆச்சரியப்பட்டதாக ஞாபகம்.

மாப்பிள்ளையிடம் போய்க் கால் அளவு கேட்பது கௌரவக் குறைச்சல் என்பதால், பெண் பார்க்க வந்த அன்றே அவர் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை நான் ஈர்க்குச்சியால் அளந்து, ஒடித்து வைத்திருந்தேன். அந்தக் குச்சியோடு அப்பாவும் நானும் பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போனோம். சப்பாத்துக் கடை முதலாளி, ஒரு சீனத் தவ்கே, குச்சியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அவருக்கு இது முதல் குச்சி இல்லை போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். இந்த அளவில் இது ஒன்றுதான் இருக்கிறது, வக்கீல்கள் வாங்குவது என்று மலாயில் சொன்னார்.

கறுப்புத் தோல். மூக்கு நுனியில் என் முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக. ஒரு சப்பாத்துக்குப் பத்து வார்க் கண்கள். சுத்தமாக வெட்டின சின்னச் சின்ன ஓட்டைகள், சுற்றிலும் வளையம் கிளையம் ஒன்றும் கிடையாது. அப்பா பெட்டியை வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உட்கார இடம் இல்லாமல் நான் நின்றுகொண்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அத்தை மஸ்ஜித் தானாவிலிருந்து வந்து இறங்கினார். அப்பாவுக்கு அக்கா, எந்தக் கல்யாணத்திலும் குறை கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தானாக ஏற்றுக்கொண்டவர். சீர்ச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் சப்பாத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார். முகம் சுருங்கியது.

“என்னடா தம்பி, கண்ணெல்லாம் மூளியா இருக்கு?”

அப்பாவுக்குப் புரியவில்லை. அத்தை விளக்கினார். தோடு இல்லாத காதைத்தானே மூளிக் காது என்கிறோம். ஓட்டை குத்தியிருக்கிறது, உள்ளே ஒரு மினுக்குக் கிடையாது. நல்ல காரியத்துக்கு இப்படியா அனுப்புவார்கள்? மேனேஜர் துரை போட்டிருக்கும் சப்பாத்தில் சுற்றிலும் வளையம் வளையமாக மின்னுகிறதே, பார்த்ததில்லையா?

வக்கீல்கள் வாங்குவது என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“வக்கீலுக்கு யாரு கால் கழுவி விடுறா? நம்ம பையன் வாரை அவுக்கும்போது ஊரே அங்கதான் பாக்கும்லா. வீடியோக்காரன் லைட்டப் புடிச்சுக்கிட்டு அதத்தான் எடுப்பான்.”

இன்று யோசித்தால் இதற்கு எத்தனையோ பதில் தோன்றுகிறது. ஆனால் அத்தை சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு சப்பாத்தின் வாழ்நாளில் அதன் வார்க் கண்களை இருநூறு பேர் சேர்ந்து உற்றுப் பார்க்கிற சந்தர்ப்பம் அந்த ஒன்றுதான். அம்மா அப்பாவைப் பார்த்தார். சம்பந்தியம்மாவின் மூக்குக் கண்ணாடி எல்லோர் மனதிலும் வந்து நின்றது.

வளையம் அடிப்பது அப்பாவுக்குத் தெரிந்த வேலை. அதுதான் வினையாகப் போயிற்று. தெரியாத வேலையாக இருந்திருந்தால் விட்டிருப்பார். மறுநாள் மத்தியானம் லாரிக் கொட்டகையிலிருந்து துளை உளி, பட்டறைக் கல், சுத்தியல், தார்ப்பாய் வளையத்திலேயே சின்ன அளவு இருபது எல்லாம் கொண்டுவந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தார். சின்ன அளவு என்றாலும் லாரிக்குச் சின்னது. சப்பாத்தின் ஓட்டை அதற்குப் போதவில்லை. ஒவ்வொன்றையும் உளியால் பெரிதாக்கி, வளையத்தைச் செருகி, உள்பக்கம் மடங்கும்படி ஓங்கி ஓர் அடி. நான் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டேன். அடி விழும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். இருபது அடி. பக்கத்து வீட்டுக் கோழி அன்று முட்டையிடவில்லை என்று புகார் வந்தது.

முடிந்ததும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். இருபது பித்தளைக் கண்கள் எங்களைத் திருப்பிப் பார்த்தன. அந்தச் சப்பாத்தைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் மூன்று டன் ரப்பரை மூடலாம் போல இருந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்பக்கம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அத்தை மட்டும் திருப்தியாகத் தலையை ஆட்டினார். இப்போதுதான் லட்சணமாக இருக்கிறதாம்.

வியாழக்கிழமை கிராணியார் வந்தார். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். தோட்டத்தில் இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவரும் அவர் ஒருவர்தான். மறுநாள் காலை சுங்கை ஊடாங்குக்குப் போக வேண்டிய சீர்த்தட்டுகள் நடையில் பரப்பி இருந்தன. கிராணியார் தேங்காய், பழம், பட்டு எல்லாவற்றையும் பார்த்துப் பாராட்டிக்கொண்டே வந்து, சப்பாத்துத் தட்டில் நின்றுவிட்டார்.

“மாப்பிள்ளைக்கு ஆலையில போடறதுக்கும் நீங்களே சப்பாத்து குடுக்கிறீங்களா?”

இது கல்யாணச் சப்பாத்து என்று அப்பா சொன்னார். கிராணியார் உட்கார்ந்தார். நிதானமாக, யாருக்கும் வலிக்காத குரலில் சொன்னார். கோட்டுக்குப் போடுகிற சப்பாத்தில் இரும்போ பித்தளையோ வெளியே தெரியக் கூடாது. வளையம் வைப்பது உடம்பு வேலைக்காரர்கள் மாட்டுகிற பூட்ஸில். துரை தோட்டம் சுற்றும்போது போடுவதும் அந்தப் பூட்ஸ்தான். கிளப்புக்கு அவர் என்ன போட்டுக்கொண்டு போகிறார் என்று நாம் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வேறு வெல்டர். “கல்யாணத்துக்கும் நீ கூலிக்காரன்தான்னு சொல்லாமச் சொல்ற மாதிரி ஆயிடும், அண்ணே. அவங்க மனசு எப்படியோ.”

அவர் போனதும் அத்தைக்குத் திடீரென்று பின்கட்டில் வேலை வந்துவிட்டது. புதுச் சப்பாத்து வாங்கவும் வழியில்லை. அந்த அளவில் அது ஒன்றுதான் என்று தவ்கே சொல்லியிருந்தார். அப்பா குறடை எடுத்தார்.

வளையத்தை அடிக்க ஓர் அடி போதும். எடுக்க அப்படி இல்லை. உள்ளே பூவிதழ் மாதிரி விரிந்து தோலைக் கவ்விக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக நெளித்து, நசுக்கி, பிடுங்கினார். பிடுங்கின ஒவ்வொன்றையும் நான் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நசுங்கினாலும் பித்தளைதானே. அந்த வயதில் என் பை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இருபதும் வந்தபின் மிஞ்சியது இருபது பொத்தல். வாரை முடிச்சோடு உருவினால் முடிச்சும் சேர்ந்து வந்தது. அப்பா சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ கிழிந்த தார்ப்பாய்களை அவர் பார்த்துச் சிரித்து நான் கண்டிருக்கிறேன். அன்று அவர் சப்பாத்தைப் பார்க்கவே இல்லை, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வந்து சப்பாத்தை அவர் மடியிலிருந்து எடுத்தார். தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பது அம்மாதான். பொத்தான் துளையைச் சுற்றி நெருக்க நெருக்கமாக நூல் ஓட்டித் தைக்கிற அந்தக் காஜாவை, கோணி ஊசியில் கறுப்பு நூல் கோத்து, மெழுகு தடவி, தோலில் எடுக்க ஆரம்பித்தார். முதல் கண்ணுக்கு ஊசி விரலில் ஏறியது. ஐந்தாவது கண்ணுக்கு வருவதற்குள் அம்மாவுக்குத் தோல் பழகிவிட்டது. விளக்கு வைப்பதற்குள் இருபதும் முடிந்தது. கறுப்பில் கறுப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அத்தை பின்கட்டிலிருந்து வந்து, மறுபடியும் மூளிதான் என்று முணுமுணுத்துவிட்டு, யாரும் பார்க்காத இடமாகச் சப்பாத்து நாக்குக்கு அடியில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார். மறுநாள் தட்டு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். மாப்பிள்ளை கோட்டுப் போட்டு வாசலில் வந்து நின்றார். வெயிலிலும் பயத்திலும் அவருக்குக் கழுத்து முழுக்க வேர்வை. நான் முட்டி போட்டேன். வீடியோக்காரர் அத்தை சொன்ன மாதிரியே லைட்டைச் சரியாக அங்கே அடித்தார். வார் முடிச்சில் நான் கை வைத்த நேரம், மேளக்காரர்கள் வேர்வை துடைக்க நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் சம்பந்தியம்மா முன்னால் வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். குரல் பெரிதாக இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“சம்மந்தி, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. இது புதுச் சப்பாத்துதானா?”

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாள் தொடர்ந்தார்.

“வந்த அன்னிக்கே பாத்தேன். உள்ளுக்குள்ள சுத்திச் சுத்தி ரிங்கு இருந்த தடம் இருக்கு. யாரோ போட்டுக் கழிச்சதுல ரிங்கப் புடுங்கிட்டு, ஓட்டையத் தச்சுக் குடுத்த மாதிரி இருக்கு. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. நாங்க நேத்து வரைக்கும் ரப்பர் மரம் சீவினவங்கதான். அதுக்காகவா?”

மாப்பிள்ளை, விடும்மா, விடும்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கோயிலுக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அக்கா உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள். இந்தச் சப்பாத்தோடுதான் அவள் அந்த வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். இது பத்து வயதில் எனக்குப் புரிந்திருந்தது என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வது. எனக்குப் புரிந்தது, அப்பாவை யாரோ பொய்யர் என்கிறார்கள் என்பது மட்டும்தான்.

“புதுசுதான்” என்றேன். “எங்கப்பாதான் ஓட்டை போட்டாரு.”

சொல்லிவிட்டுக் கால்சட்டைப் பையைக் கவிழ்த்தேன். கல்யாணத்துக்கு என்று தைத்த புதுக் கால்சட்டை. ஆனாலும் பையில் இருந்தவற்றைப் பழையதிலிருந்து இதற்கு அன்று காலையே மாற்றியிருந்தேன். இரண்டு கோலி, ஒரு ரப்பர் விதை, நசுங்கிப்போன பித்தளை வளையங்கள் எல்லாம் கோயில் படியில் கொட்டி உருண்டன. ஒன்று மாப்பிள்ளையின் சப்பாத்தில் போய் முட்டி நின்றது. பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். மூளி என்று அத்தை சொன்னது, அப்பா அடித்தது, கோழி முட்டையிடாதது, கூலிக்காரன் என்று ஆகிவிடும் என்று கிராணியார் சொன்னது, அம்மாவுக்கு விரலில் ஊசி ஏறியது எல்லாம். யாராவது நிறுத்தியிருந்தால் நிறுத்தியிருப்பேன். யாரும் நிறுத்தவில்லை. கூட்டத்தில் இருந்த கிராணியார் மட்டும் கோபுரத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா குனிந்து ஒரு வளையத்தை எடுத்தார். கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

“இது லாரித் தார்ப்பாயில அடிக்கிறதுலா?”

“அதாங்க” என்றார் அப்பா. அவ்வளவு நேரத்தில் அவர் பேசியது அதுதான்.

அந்த அம்மாளுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. முறுக்கைத் தொடாத அந்த வாய் முழுக்கத் திறந்தது. முன்னால் இரண்டு பல் இல்லை. அன்று எங்கள் வீட்டில் முறுக்கைத் தொடாததற்கும் வாயைத் திறக்காததற்கும் காரணம் அவ்வளவுதான் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் புரிந்தது. நாங்கள் அவர்களைப் பெரிய இடம் என்று பயந்துகொண்டிருந்தபோது, அவர்கள் எங்களைப் பெரிய இடம் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

“எடுத்திருக்கவே வேணாமே” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ரிங்கு இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும். இப்ப மூளியால்ல இருக்கு.”

கூட்டத்தில் அத்தையின் முகத்தை நான் தேடவில்லை. தேட வேண்டிய அவசியம் இல்லாதபடி அத்தையே முன்னால் வந்து நின்றார்.

நான் வாரை அவிழ்த்தேன். நெருக்கமாக எடுத்த காஜா, வாரை இறுகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாப்பிள்ளை ஒற்றைக் காலில் என் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பத்து நிமிஷம் ஆனது. மோதிரம் கிடைத்தது. பெருவிரலுக்கே பெரிது. நூல் சுற்றிப் போட்டிருந்ததை அடுத்த வருஷம் பள்ளித் திடலில் தொலைத்தேன். நியாயமாகப் பார்த்தால் அந்த மோதிரம் அம்மாவுக்குச் சேர வேண்டியது.

மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது சம்பந்தியம்மா சப்பாத்தை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மறுபடி ரிங்கு அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அப்பா கிராணியார் சொன்னதை மெல்ல நினைவுபடுத்தினார். அதற்கு மாப்பிள்ளைதான், இனி அவரை நான் மச்சான் என்று சொல்லலாம், வாயைத் திறந்தார்.

“மாமா, நான் கூலிக்காரன்தானே. அதுலதானே இந்தக் கோட்டே வாங்கினேன். அடிங்க.”

எடுத்த காஜாவைப் பிரிக்க அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் காஜாவுக்கு மேலேயே வளையம் ஏறியது. மாமனார் அடிக்க, மருமகன் பிடித்துக்கொண்டார். என்னைப் போல் கண்ணை மூடவில்லை, தினமும் நெருப்பைப் பார்க்கிறவர். ஆறாவது வளையத்தில் அப்பா சுத்தியலை அவரிடம் கொடுத்துவிட்டார். அது வரைக்கும் அப்பா யாரிடமும் சுத்தியலைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அடுக்களைக்குள் சம்பந்தியம்மா முறுக்கை உடைத்து டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். உள்ளே ஏதோ பேச்சு; அக்காவின் சத்தம்தான் ஓங்கிக் கேட்டது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வெளியே வருகிறது போலும்.

மச்சான் அந்தச் சப்பாத்தைத்தான் பல வருஷம் எல்லா நல்ல காரியங்களுக்கும் போட்டார், என் கல்யாணம் உட்பட. கடைசியில் ஏதோ ஒரு கோயில் வாசலில் யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போட்டுக்கொண்டு நடந்தவர் அதன் கனத்தில் வெகுதூரம் போயிருக்க மாட்டார்.

சம்பந்தியம்மா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. துக்கத்துக்குப் போனபோது, எங்கள் அம்மாவின் பழைய பயத்தை நினைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டேன்: இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் சீரைப் பற்றி ஏதாவது சொன்னதுண்டா? அக்கா யோசித்தாள். அந்த வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்றாள். உயர்ந்ததெல்லாம் தன் குரல்தான் என்றாள்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு அதை ஆமோதித்தார்.